இந்த பீட் யாருடையது?

செம்பரம்பாக்கம் என்றால் சென்னைக்காரர்களுக்கு ஏரி. ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், டிவியின் அடியில் ஓடும் செய்தி வரியில் எத்தனை அடி, எத்தனை கன அடி என்று அதன் கணக்குதான். முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையில் குடியிருப்பவர்கள் இந்த எண்களைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறார்கள்.

மழை இல்லாத மாதங்களில் இந்த வட்டாரத்தில் இன்னொரு கணக்கு ஓடுகிறது. நிமிடத்துக்கு எத்தனை பீட்? ‘பிபிஎம்’ என்பார்கள். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், தண்டலம் என்று கல்யாண மண்டபங்களும் பொறியியல் கல்லூரிகளும் பொழுதுபோக்குப் பூங்காக்களும் மாறி மாறி வரும். தமிழ் ‘பிக் பாஸ்’ வீட்டுக்கு செட் போட்ட ஈவிபி ஃபிலிம் சிட்டியும் இங்கேதான். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ரிசப்ஷன், கல்லூரி கல்ச்சுரல்ஸின் கடைசி இரவு, டிசம்பர் 31 ராத்திரி என எதை எடுத்தாலும் மேடை ஓரத்தில் ஒரு மேஜை, மேஜை மேல் லேப்டாப், பின்னால் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் அமுக்கிப் பிடித்தபடி இருபது வயதை ஒட்டிய ஓர் இளைஞர். மண்டபத்தில் அவர் டிஜே. வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு சொந்தமாக டிராக் போடுகிற மியூசிக் புரொட்யூசர்.

இது பிழைப்பாகுமா என்று பெற்றவர்கள் கேட்கிறார்கள். ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ஆனால் அந்தப் பிழைப்பில் பெயரும் பணமும் எந்த இடத்தில் கைமாறிப் போகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

தகிடவும் தகதிமியும்

சாயங்காலம் நாலு மணிக்குக் குட்டியானை வண்டி மண்டபத்துப் பின்வாசலில் வந்து நிற்கும். பேஸ் பாக்ஸை நாலு பேர் சேர்ந்து இறக்குவார்கள். டாப் அதன் மேல் ஏறும். பெட்டிகளும் ஜெனரேட்டரும் லைட்டும் சவுண்ட் சர்வீஸ்காரருடையவை. டிஜே கொண்டுவருவது லேப்டாப்பும் கன்ட்ரோலரும்தான். கன்ட்ரோலர் என்பது இரண்டு வட்டத் தட்டுகளும் நடுவே ஏற்றி இறக்கும் குமிழ்களும் உள்ள பலகை. ஆரம்பநிலை மாடல் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். கல்யாண வீட்டார் ஈவென்ட்காரரிடம் பேசுவார்கள், ஈவென்ட்காரர் சவுண்ட் சர்வீஸிடம் பேசுவார், சவுண்ட் சர்வீஸ் டிஜேயைக் கூப்பிடும். பணமும் இதே வரிசையில்தான் இறங்கி வரும். வரிசையின் கடைசி ஆள் டிஜே.

முன்பு இந்த மேடையில் மெல்லிசைக் குழு இருந்தது. பத்துப் பதினைந்து பேர், கீபோர்டு, ஆக்டோபேட், இரண்டு பாடகர்கள், ஒரு பாடகி. அந்த இடத்தை ஒற்றை ஆள் பிடித்துக்கொண்டார் என்ற வருத்தம் மெல்லிசைக் கலைஞர்களுக்கு உண்டு, நியாயமான வருத்தம்தான். ஆனால் டிஜே ‘பட்டனைத் தட்டிவிட்டுச் சும்மா நிற்கிறார்’ என்று சொல்பவர்கள் ஒன்பது மணிக்கு மேல் மேஜைக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

நம்ம ஊர் குத்துக்கு இயல்பான நடை திஸ்ரம்: தகிட தகிட. வெளிநாட்டு ஹவுஸ், டெக்னோ எல்லாம் சதுஸ்ரம்: தகதிமி, ஒவ்வொரு அடியிலும் ‘டும்’ என்று கிக் விழும். ஹவுஸ் டிராக் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 130 பீட்டுக்குள் ஓடும். மாப்பிள்ளையின் ஐடி நண்பர்கள் அதைக் கேட்பார்கள். பெண்ணின் மாமா ‘தம்பி, நம்ம பாட்டு ஒண்ணு போடுப்பா’ என்பார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆடுகிற கால் தடுமாறாமல் போயாக வேண்டும். சாஃப்ட்வேர் இங்கே அதிகம் உதவாது. திஸ்ரப் பாட்டைக் கொடுத்தால் பல நேரம் வேகத்தை ஒன்றரை மடங்காகக் கணக்குப் போட்டுத் தப்பான எண்ணைக் காட்டும். டிஜே காதால்தான் எண்ண வேண்டும். கிக்கை நிறுத்தாமல் ஓடவிட்டு, அதன் மேல் உருமியோ பறையோ ஒலிக்கும் ஒரு திஸ்ர லூப்பை மெல்ல ஏற்றுவார். கூட்டத்தின் தோள் மூன்று மூன்றாகக் குலுங்கத் தொடங்கியதும் பாட்டை இறக்குவார். சில விநாடி வேலைதான். சொதப்பினால் ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நின்று அவரையே பார்ப்பார்கள்.

இளையராஜாவின் எழுபதுகள், எண்பதுகளின் பாட்டு என்றால் சிக்கல் வேறு. ஸ்டுடியோவில் வாத்தியக்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்து ஒன்றாக வாசித்தது அது. பல்லவிக்கும் இரண்டாம் சரணத்துக்கும் நடுவே வேகம் மயிரிழை கூடும், மயிரிழை குறையும். கேட்கிறவருக்கு அதுதான் சுகம், மிக்ஸ் பண்ணுகிறவருக்கு அதுதான் தலைவலி. ஏ.ஆர். ரஹ்மானின் ‘ரோஜா’வுக்குப் பிறகு வந்த பாட்டுகளில் பெரும்பாலானவை சீக்வென்சரின் தாளத்தில் உட்கார்ந்தவை, கோடு போட்ட நோட்டில் எழுதியது போல நேராக நிற்கும். தமிழ்த் திரையிசை எப்போது மின்னணு இசையாக மாறியது என்று எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் ஒரு கல்யாண டிஜேயால் சொல்லிவிட முடியும்.

என்னைக் கேட்டால், புரொட்யூசர் ஆக நினைப்பவருக்கு மண்டபத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது, தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்தில் ஒலிப்பதிவு படிப்பு இருக்கிறது. இரண்டும் நல்லவை. ஆனால் எந்த நிமிடத்தில் பாட்டி எழுந்து ஆடுவார், எந்த பேஸ் சத்தத்துக்குக் குழந்தை அழும் என்று வகுப்பில் சொல்லித்தர முடியாது.

ஆடியும் மார்கழியும்

வருமானத்தைப் பஞ்சாங்கம்தான் முடிவு செய்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லை. கூழ் வார்க்கிற அம்மன் கோயில்கள் சவுண்ட் சர்வீஸுக்கு வேலை கொடுக்கும். அங்கே தேவைப்படுவது எல்.ஆர். ஈஸ்வரியின் பாட்டு, டிஜே அல்ல. புரட்டாசியில் பல வீடுகளில் விசேஷம் வைக்க மாட்டார்கள். மார்கழி முழுக்கக் காலி, ஆனால் நடுவே டிசம்பர் 31 வருகிறது. அந்த ஓர் இரவுக்குப் பூங்காவும் ரிசார்ட்டும் போட்டி போட்டு ஆள் பிடிக்கும். தையிலிருந்து கல்யாண சீசன், மாசி, பங்குனியில் கல்லூரி கல்ச்சுரல்ஸ். அண்மைக் காலமாக ஹல்தி, சங்கீத் என்று வடக்கத்திச் சடங்குகளும் நம் கல்யாணங்களுக்குள் நுழைந்துவிட்டன. பண்பாட்டுக் கவலை உள்ளவர்கள் முகம் சுளிக்கட்டும். டிஜேக்கு அது கூடுதலாக ஒரு நாள் சம்பளம்.

சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மூடிய மண்டபத்துக்குள் போடுவதற்கு விலக்கு உண்டு என்றாலும், சத்தம் வெளியே கேட்டால் அந்த விலக்கு உதவாது. பத்தடித்தால் போலீஸ் ஜீப் வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று பாட்டுக்கான லைசென்ஸ். கல்யாண வீட்டில் சினிமா பாட்டு போட ராயல்டி கட்டு என்று யாராவது வந்து கேட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இஸட்ஏ) பிரிவைச் சொல்லுங்கள். மதச் சடங்குகளுக்கு அது விலக்கு தருகிறது. திருமண ஊர்வலமும் திருமணம் சார்ந்த மற்ற நிகழ்ச்சிகளும் அதில் அடங்கும். 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை இதைப் பொது அறிவிப்பாகவே வெளியிட்டது. ஆனால் டிக்கெட் போட்டு நடத்தும் நியூ இயர் பார்ட்டிக்கும் ரிசார்ட் நிகழ்ச்சிக்கும் இந்த விலக்கு பொருந்தாது. அங்கே லைசென்ஸ் வாங்க வேண்டும். வாங்க வேண்டியவர் நிகழ்ச்சியை நடத்துகிறவர், டிஜே அல்ல.

காக்களூரில் கொடுத்த லேப்டாப்

2011 செப்டம்பர் 15 அன்று பூந்தமல்லிக்கு வடமேற்கே, திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பிளஸ் டூ மாணவர்கள் படிக்கத்தான் கொடுத்தார்கள். பாதிப் பேர் படம் பார்த்தார்கள், சிலர் கேம் ஆடினார்கள் என்று அப்போது கேலி பேசினோம். அந்த மாதிரி லேப்டாப்பில் எஃப்எல் ஸ்டுடியோவை இறக்கிப் பார்த்த பையன்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எஃப்எல் ஸ்டுடியோ பெல்ஜியத்தில் செய்யப்பட்ட மென்பொருள். தொண்ணூறுகளின் கடைசியில் ‘ஃப்ரூட்டிலூப்ஸ்’ என்ற பெயரில் வந்தது. திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தைத் தட்டினால் அந்த இடத்தில் கிக், இன்னொன்றைத் தட்டினால் ஸ்நேர். ஸ்வரம் எழுதத் தெரிய வேண்டியதில்லை, வாத்தியம் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. அதன் இலவசப் பதிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. போட்ட பாட்டைச் சேமிக்கலாம், ஆனால் மூடிவிட்டால் மறுபடி திறந்து வேலை செய்ய முடியாது. அதனால் டிராக் முடியும் வரை லேப்டாப்பை அணைக்கவே கூடாது. கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்தால் பாட்டும் போச்சு. இதற்குப் பயந்தே கிராக் போட்ட பதிப்புக்குப் போகிறவர்கள் நிறைய. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு ஆயுள் முழுக்க அப்டேட் இலவசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல ரிசப்ஷன் சம்பளத்தில் முடிந்துவிடும் செலவு அது.

இதே மென்பொருளில்தான் ஸ்டாக்ஹோமில் டிம் பெர்க்லிங் என்ற பையன் தன் அறையில் உட்கார்ந்து ஆரம்பித்தார். உலகம் அவரை அவிச்சி என்று அறிந்தது. 2011-ல் ‘லெவல்ஸ்’ வந்தபோது வயது 22. ஊர் ஊராக ஓடிய இரவுகளும் குடியும் உடம்பைத் தின்றதில் 2016-ல் மேடையை விட்டார். 2018-ல் மஸ்கட்டில் இறந்தபோது வயது 28. இந்தத் தொழிலின் உச்சியும் பள்ளமும் ஒரே ஆளின் கதையில் இருக்கின்றன.

நம் பையன்களுக்கு அந்த உச்சி தூரம். பள்ளம் பக்கத்திலேயே இருக்கிறது, காதில். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பொதுவான கணக்கு. மூன்று டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகும். நூறு டெசிபலில் கால் மணி நேரம்தான். மண்டபத்து பேஸ் பாக்ஸுக்குப் பத்தடி தள்ளி மூன்று மணி நேரம் நிற்கிற டிஜேக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. காதடைப்பான் போட்டால் கூட்டத்தின் மூடு தெரியாது என்பார்கள். காது போய்விட்டால் கூட்டமே தெரியாது.

திரைக்குப் பின்னால் புரோகிராமர்

மின்னணு இசைக்கும் இந்தியாவுக்கும் உறவு புதிது அல்ல. பம்பாயில் சரண்ஜித் சிங் என்று ஒரு வாத்தியக்காரர். இந்திப் பட ஆர்கெஸ்ட்ராக்களில் வாசிப்பார், கல்யாணங்களில் தன் குழுவோடு வாசிப்பார். ரோலண்ட் கம்பெனியின் டிபி-303, டிஆர்-808 என்று அப்போதுதான் வந்திருந்த இரண்டு எந்திரங்களையும் ஒரு சிந்தசைசரையும் இணைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஏற்றி 1982-ல் ஓர் எல்பி வெளியிட்டார். விற்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே டிபி-303-ஐ வைத்து அமெரிக்காவின் சிகாகோ இளைஞர்கள் செய்த இசைக்கு ‘ஆசிட் ஹவுஸ்’ என்று பெயர் வந்தது, உலகமே ஆடியது. 2010-ல் ஒரு டச்சுக்காரர் அந்த எல்பியை மறுபடி வெளியிட்ட பிறகுதான் சரண்ஜித் சிங்குக்குப் புகழ் கிடைத்தது. எழுபது வயதில் வெளிநாட்டு மேடைகளில் வாசித்தார். 2015-ல் காலமானார். கல்யாண வீட்டில் வாசிப்பவர் கையில் எதிர்கால இசை இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

தமிழில் 1986-ல் வந்த ‘புன்னகை மன்னன்’தான் கம்ப்யூட்டர் இசையைக் கேட்கவைத்த படம் என்று ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் இளையராஜாவிடமும் மற்ற பல இசையமைப்பாளர்களிடமும் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த திலீப் என்ற இளைஞர் (பின்னாளில் ரஹ்மான்) 1989-ல் கோடம்பாக்கம் வீட்டை ஒட்டிச் சொந்தமாக ஒரு ஸ்டுடியோ கட்டிக்கொண்டார். 1992 ஆகஸ்ட் 15-ல் ‘ரோஜா’ வெளியானது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது ‘ரோஜா’வுக்கு முந்தின வருடங்கள்தான். அடுத்தவர் பாட்டுக்கு சத்தம் செய்து கொடுத்த அந்த வருடங்களில் ரஹ்மான் எதை எங்கே செய்தார் என்று ரசிகர்கள் இன்றும் ஊகித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்த வேலைக்கு இன்று புரோகிராமர் என்று பெயர். இசையமைப்பாளர் மெட்டைச் சொல்வார். அதற்கு பீட், பேஸ், பின்னணி சத்தம் எல்லாவற்றையும் லேப்டாப்பில் கட்டி எழுப்புவது புரோகிராமர். பாட்டைக் கேட்டதும் ஆடத் தோன்றுகிறதென்றால் அதில் பாதி அவர் வேலை. பெயர் எங்கே வரும்? யூடியூப் வீடியோவுக்குக் கீழே ‘மேலும்’ என்பதைத் தட்டினால், பாடகர், பாடலாசிரியர், கோரஸ், மிக்ஸிங், மாஸ்டரிங்குக்கு நடுவே ஒரு வரியில். அதுவும் பெரிய மனது உள்ள இசையமைப்பாளராக இருந்தால்.

என்றாலும் அதுவே ஏணியாகவும் இருக்கிறது. 2024 ஜனவரியில் ‘கட்சி சேர’ என்ற தனிப்பாடலால் ஒரே மாதத்தில் ஊரெல்லாம் தெரிந்துபோன சாய் அபயங்கர், அனிருத்திடம் புரோகிராமராக வேலை பார்த்தவர். அப்போது வயது இருபதுகூட நிறையவில்லை. பின்னணிப் பாடகர்கள் திப்புவும் ஹரிணியும் அவருடைய பெற்றோர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டுடியோக் கதவு எங்கே இருக்கிறது என்று சிறு வயதிலேயே தெரிந்திருப்பது பெரிய மூலதனம். செம்பரம்பாக்கத்துப் பையனுக்கு அந்தக் கதவைக் கண்டுபிடிக்கவே சில வருடம் பிடிக்கும். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போடும் மெட்ரோ தடம் கோடம்பாக்கத்தையும் வடபழனியையும் தொட்டுத்தான் வருகிறது. தூரத்தை அது குறைக்கும். அறிமுகத்துக்கு மெட்ரோ கிடையாது.

கரலப்பாக்கத்திலிருந்து டைம்ஸ் ஸ்கொயர் வரை

அறிமுகம் இல்லாமல் ஜெயித்த கதைக்கு நாம் இதே மேற்குப் புறநகருக்குத் திரும்பலாம். ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்தைச் சேர்ந்தவர் இயக்குநர் பா. இரஞ்சித். அவருடைய முதல் படம் ‘அட்டகத்தி’ 2012 ஆகஸ்ட் 15-ல் வந்தது. சென்னைப் புறநகரின் பஸ்ஸும் ரயிலும் தெருவும் அதில் அப்படியே இருந்தன. அந்தப் படத்துக்கு இசை சந்தோஷ் நாராயணன். அவருக்கும் அதுவே முதல் படம். திருச்சியில் பொறியியல் படித்துவிட்டு ஒலிப்பதிவு வேலை பார்த்தவர். வட சென்னையில் சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் பாடிவந்த கானா பாலாவைக் கொண்டுவந்து, கானாவை அதன் கரகரப்போடு விட்டுவிட்டு, சுற்றிலும் மின்னணு சத்தத்தை நவீனமாக அமைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் ‘பீட்சா’. அடுத்த ஆண்டு ‘சூது கவ்வும்’. மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். திரைப்பட இசையமைப்பாளர் என்பதைவிட ஒரு மின்னணு இசைப் புரொட்யூசரின் கைதான் அவற்றில் தெரியும்.

அந்தக் கை செய்த பாட்டுதான் 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’. பாடகி தீயும் பாடலாசிரியர் அறிவும் பாடியது. அரக்கோணத்துக்காரரான அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். அந்தப் பாட்டியும் வீடியோவில் அமர்ந்திருப்பார். வெளியிட்டது ‘மாஜ்ஜா’, புலம்பெயர்ந்த தமிழர்கள் நடத்திய, ரஹ்மானின் ஆதரவு பெற்ற தளம். சினிமா இல்லாமல் ஒரு தமிழ்ப் பாட்டு உலகம் சுற்ற முடியும் என்று நாம் மார்தட்டிக்கொண்டோம். பிரான்ஸின் டிஜே ஸ்நேக் அதை ரீமிக்ஸ் செய்தார். நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர் விளம்பரப் பலகையில் தீயும் டிஜே ஸ்நேக்கும் மின்னினார்கள்.

அறிவு அதில் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையிலும் இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு அந்தப் பத்திரிகை அறிவுக்கென்று தனி டிஜிட்டல் அட்டை போட்டது. 2022 ஜூலை 28 அன்று செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டை அறிவு இல்லாமல் மேடையேற்றினார்கள். பாட்டை எழுதி, மெட்டமைத்து, பாடியது தான்தான் என்று அறிவு அறிக்கை விட்டார். தயாரிப்பும் இசைக்கோவையும் புரோகிராமிங்கும் தன்னுடையவை, மெட்டமைத்ததிலும் பங்கு உண்டு, வருமானம் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். அந்தச் சமமான பங்கு எவ்வளவு? மூன்று வருடமாகியும் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று 2024 மார்ச்சில் அவரே வீடியோவில் அறிவித்தார்.

யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்பு எழுதப் போவதில்லை. பிரபலமான இசையமைப்பாளர், பிரபலமான பாடலாசிரியர், ரஹ்மானின் நிழல், கோடிக்கணக்கான பார்வைகள் எல்லாம் சேர்ந்தும் ஒரு பாட்டின் பெயரும் பணமும் தீராத பஞ்சாயத்தாக முடிந்தன. கன்ட்ரோலரை இஎம்ஐயில் வாங்கியவருக்கு என்ன கிடைக்கும்?

இதற்கு முன்னாலும் நடந்திருக்கிறது. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, சில காலம் சென்னையிலும் இருந்து, அகதியாக லண்டன் திரும்பிய மாயா அருள்பிரகாசம், ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில் பாட்டுக் கட்டப் பழகி எம்.ஐ.ஏ. ஆனார். 2005-ல் முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரான ‘அருளர்’. 2007-ல் இரண்டாவதுக்கு அம்மா பெயரான ‘கலா’. அந்த இரண்டாவது ஆல்பத்தின் தாளங்களில் ஒரு பகுதியை அவர் சென்னைக்கு வந்து, இங்குள்ள உருமிக்காரர்கள் பலரை உட்காரவைத்துப் பதிவு செய்தார். நம்மூர் உருமி உலகக் கிளப்புகளில் அதிர்ந்தது. எம்.ஐ.ஏ.வின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழரில் இந்தத் துறையில் அவரைவிடப் பெரியவர் இன்னும் வரவில்லை. ஆனால் அந்த உருமிக்காரர்களில் ஒருவர் பெயரையாவது சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

ஒரு பக்கத் தாள்

2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ஒரு பாதுகாப்பைக் கொடுத்தது. தியேட்டருக்கு வெளியே பாட்டு எங்கே பயன்பட்டாலும் அவர்களுக்கு ராயல்டியில் பங்கு உண்டு. அதை எழுதிக் கொடுத்துவிட முடியாது. புரோகிராமர் இந்தச் சட்டத்தில் வரமாட்டார். சம்பளம் வாங்கிக்கொண்டு பீட் செய்து கொடுத்தால் கணக்கு அன்றோடு முடிந்தது. தானும் மெட்டமைத்தேன் என்று நிரூபித்தால்தான் உரிமை. நிரூபிக்க என்ன இருக்கிறது? வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆடியோ. அதுவும் போன் மாற்றினால் போச்சு.

இன்னொரு பக்கம், அடுத்தவர் உரிமையை மதிக்கப் பழகாததும் நம் டிஜேக்களின் குறை. ராஜா பாட்டை எடுத்து பேஸ் ஏற்றி யூடியூபில் போட்டால் அதன் தானியங்கிச் சோதனை கண்டுபிடித்து, வருமானத்தை ஆடியோ கம்பெனிக்குத் திருப்பிவிடும். சில நேரம் வீடியோவே போய்விடும். ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படத்துக்கே 2024-ல் இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. ரீமிக்ஸ் மேடைக்கு நல்லது, பயிற்சிக்கும் நல்லது. அதை வைத்துப் பெயர் எடுக்கலாம், வீடு கட்ட முடியாது. கோயம்புத்தூர் ஆதியும் ஜீவாவும் என்ற ராப் இரட்டையர் 2011-ல் ‘கிளப்புல மப்புல’ போட்டது சொந்தப் பாட்டாக. அதுதான் அவர்களை 2013-ல் ‘எதிர்நீச்சல்’ பாட்டுக்கும், 2015-ல் ‘ஆம்பள’ படத்துக்கு இசையமைக்கவும் கொண்டுபோய் நிறுத்தியது.

ஆகவே இந்த நெடுஞ்சாலையோரத்து டிஜே தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் (மேஜைக்குப் பின்னால் பெண்கள் இன்னும் மிகக் குறைவு) ஒரு வேண்டுகோள். கல்யாண வேலைக்கு அட்வான்ஸ் வாங்காமல் போகாதீர்கள். மீதியை மேடையேறும் முன் வாங்குங்கள். ஈவென்ட்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. நண்பர்களோடு சேர்ந்து ஒரு சொந்தப் பாட்டு போட்டால், அதை நெட்டில் ஏற்றுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: வரி யாருடையது, மெட்டு யாருடையது, பீட் யாருடையது, வருகிற காசில் யாருக்கு எத்தனை சதவீதம். தேதி போட்டு எல்லோரும் கையெழுத்திடுங்கள், ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மெட்டும் வரியும் உங்களுடையதென்றால் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்யுங்கள். அந்தத் தாளுக்கு வக்கீல் வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். நட்பு கெட்டுவிடும் என்று தயங்குகிறவர்கள் ‘எஞ்சாய் எஞ்சாமி’ பஞ்சாயத்தை மறுபடி ஒருமுறை படித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.